பிட்டைச் சொல்லுங்கள், மெஷினைச் சொல்கிறேன்: கை ரோட்டரி டூல் கேள்வி பதில்

செதுக்கு வேலைக்கும் பட்டறைக்கும் எந்த ரோட்டரி டூல் (முனையில் மாட்டிய சின்ன பிட்டை வேகமாகச் சுழற்றி வெட்டவும் தேய்க்கவும் உதவும் கை மெஷின்) வாங்கலாம் என்று நம்ம பக்கத்து ஆட்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் கீழே. வாட்ஸை மட்டும் பார்த்து மெஷின் வாங்காதீர்கள். எந்த பிட்டை மாட்டப் போகிறீர்கள், தினம் எவ்வளவு நேரம் கையில் பிடிக்கப் போகிறீர்கள் என்பது தெரிந்தால் பாதி முடிவு வந்துவிடும்.

அண்ணாச்சி, எங்களுக்குக் கடைசல் தொழில். கடைந்த சொப்பில் பூவும் கொடியும் செதுக்கணும். டிரெமெல் 3000 வாங்கவா, 4000 வாங்கவா? (அம்பாசமுத்திரம்)

தம்பி, இரண்டும் டிரெமெல் கம்பெனி ரோட்டரி டூல்தான். முதலாவது 130 வாட்ஸ், இரண்டாவது 175 வாட்ஸ். சொப்புக்கு இரண்டிலுமே பலம் மிச்சம்தான். 4000 நிமிடத்துக்கு 5,000 சுற்று வரை இறங்கும், அழுத்தினாலும் வேகம் அவ்வளவாகத் தொய்யாது. உங்களுக்கு அந்தக் குறைந்த வேகம் அவசியம். அரக்கு ஏற்றிய பரப்பில் வேகமாக ஓட்டினால் சூட்டில் அரக்கு இளகி பர்ரின் (பல் வைத்த சின்ன வெட்டு பிட்) பல்லை அடைத்துவிடும். அடைத்த பர் வெட்டாது, தேய்த்துத் தேய்த்து இன்னும் சூடேற்றும்.

ஆனால் தினமும் மணிக்கணக்கில் செதுக்குகிற கைக்கு இந்த இரண்டையுமே சொல்ல மாட்டேன். மைக்ரோமோட்டார் வாங்குங்கள். பல் டாக்டர் கையில் இருக்குமே, அந்த வகை. வேகம் மாற்றும் பெட்டி மேசையில் இருக்கும், கையில் மெலிதான பிடி மட்டும்தான். அதிர்வு குறைவு என்பதால் விரல் மரத்துப் போகாது. அதற்கு 2.35 மி.மீ. தண்டுள்ள பர் வேண்டும். டிரெமெலுக்கு வழக்கமாக வருவது 3.2 மி.மீ. தண்டு. 2.4 மி.மீ. கொலெட் (பிட்டின் தண்டைக் கவ்விப் பிடிக்கும் துண்டு) ஒன்று வாங்கிவிட்டால் மெல்லிய தண்டையும் டிரெமெலில் மாட்டலாம்.

தேக்கு நிலைக்கதவில் யாளியும் தாமரையும் செய்கிறேன். உளியை விட்டுவிட்டு இதிலேயே முடிக்கலாமா? (தென்காசி)

முடியாது ஆசாரி. அவ்வளவு மரத்தை எடுக்க இது படைக்கப்படவில்லை. உருவைச் சுற்றியுள்ள தரையை டிரிம்மரால் (மரம் குடையும் சிறு ரூட்டர் மெஷின்) இறக்குங்கள், உருவை உளியாலும் கொட்டாப்புளியாலும் கொண்டு வாருங்கள். கண், பிடரிச் சுருள், இதழின் அடிமடிப்பு என்று உளி நுழையாத இடத்துக்கு மட்டும் ரோட்டரி போதும். அதற்கு உங்களுக்கு ஏற்றது தொங்கு மோட்டார். மோட்டார் மேலே கொக்கியில், கையில் ஃபிளெக்ஸ் ஷாஃப்டின் (மோட்டாரின் சுழற்சியைக் கைக்குக் கொண்டு வரும் வளையும் குழாய்) முனைப்பிடி, வேகம் காலடி பெடலில். ஷாஃப்டை மட்டும் ஒடித்து வளைக்காதீர்கள், பெரிய வளைவாகவே விடுங்கள். இல்லாவிட்டால் உள்கம்பி சூடாகி வீணாகும்.

வெட்டும் இடத்தில் கறுப்புக் கோடு விழுந்து கருகல் வாசம் வந்தால், பிட் மழுங்கியிருக்கும், அல்லது ஒரே இடத்தில் நிறுத்தியிருப்பீர்கள். அழுத்தாமல் மேலோட்டமாக, பலமுறை ஓட்டுங்கள். ஒரு திசையில் நகர்த்தினால் பிட் தானே ஓடப் பார்க்கும், எதிர்த்திசையில் கைக்கு ஒரு எதிர்ப்பு தெரியும். எதிர்ப்பு தெரிகிற திசைதான் உங்கள் திசை.

மச்சான் அமெரிக்காவிலிருந்து 120 வோல்ட் மெஷின் கொண்டு வந்திருக்கிறார். இங்கே ஓடுமா? (பாளையங்கோட்டை)

நேராகச் செருகினால் புகைந்துவிடும். 230-ஐ 110 ஆக்கும் டிரான்ஸ்ஃபார்மர், குறைந்தது 300 வாட்ஸில் வாங்குங்கள். அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50 ஹெர்ட்ஸ் என்ற கவலை வேண்டாம், கார்பன் பிரஷ் (சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டு) வைத்த மோட்டாருக்கு அது பெரிய விஷயமில்லை.

சிரட்டையில் கம்மலும் கரண்டியும் செய்கிறோம். பேட்டரி மெஷின் போதுமா அண்ணாச்சி? (திசையன்விளை)

போதும் அக்கா. 12 வோல்ட் பேட்டரி மெஷின் சிரட்டைக்குத் தாராளம். ஒன்று ஓடும்போது மற்றொன்று சார்ஜில் இருக்க, பேட்டரி மட்டும் இரண்டாக வாங்குங்கள். ஓரம் வெட்ட மெல்லிய டிஸ்க், உள்வளைவைத் தேய்க்க உப்புத்தாள் டிரம், துளைக்கு 1 மி.மீ. பிட். கம்மலை விரலில் பிடித்து வெட்டக் கூடாது, சின்ன வைஸில் தோல் துண்டு வைத்துக் கவ்வ வையுங்கள்.

தூசிக்குத்தான் நீங்கள் அதிகம் செலவழிக்க வேண்டும். சிரட்டைத் தூள் மாவு மாதிரி மிதக்கும், மூக்கில் கட்டிய துண்டு அதைத் தடுக்காது. என்95 மாஸ்க், கண்ணாடி இரண்டும் கட்டாயம். சேலைத் தலைப்பைச் செருகிக் கொள்ளுங்கள், கூந்தலை முடிந்து கொள்ளுங்கள். துணிக் கையுறையும் வேண்டாம், பிட் சுற்றி இழுத்துவிடும்.

அம்மி கொத்த முடியுமா? (சேரன்மகாதேவி)

முடியாது. அம்மிக்கு வேண்டியது உளி அடித்த குழிகள். இது தேய்த்து வழவழப்பாக்கத்தான் செய்யும், அப்புறம் மசாலா வழுக்கும். கொத்துகிறவரையே கூப்பிடுங்கள்.

மோட்டார் செட்டில் துருப்பிடித்த போல்ட்டின் தலை மழுங்கிவிட்டது. (களக்காடு)

நார் வலுவூட்டிய 38 மி.மீ. டிஸ்க்கால் தலையில் ஒரு கோடு வெட்டி, ஸ்க்ரூ டிரைவரைப் போட்டுத் திருப்புங்கள். மெல்லிய, வலுவூட்டாத டிஸ்க் வேண்டாம். அந்த 38 மி.மீ. டிஸ்க் 30,000 சுற்றில் ஓடினால் விளிம்பு நொடிக்கு ஏறக்குறைய 60 மீட்டர் வேகத்தில் போகும். அதே சுற்றில் 3 மி.மீ. பர்ரின் விளிம்புக்கு 5 மீட்டர்கூட இல்லை. அதனால்தான் பிட் பெரிதாக ஆக வேகத்தைக் குறைக்க வேண்டும். டிஸ்க்கைப் பக்கவாட்டில் சாய்த்தால் உடைந்து தெறிக்கும், அது சுற்றும் நேர்கோட்டில் முகத்தை வைக்காதீர்கள். கம்பி பிரஷ் மாட்டினால் 15,000-ஐத் தாண்ட வேண்டாம், கம்பிகள் பறக்கும்.

நூற்றுக்கணக்கான பிட்டோடு மலிவாக ஒரு செட் கிடைக்கிறது. வாங்கலாமா? (மேலப்பாளையம்)

எப்போதாவது எடுக்கிற வீட்டு வேலைக்கு வாங்கலாம். ஆனால் கடையிலேயே ஒன்று பாருங்கள்: 1 மி.மீ. டிரில் பிட்டை மாட்டி, மெதுவாக ஓட விட்டு, பின்னால் வெள்ளைத் தாள் பிடியுங்கள். முனை ஒற்றைக் கோடாகத் தெரிந்தால் நல்லது. விசிறி மாதிரி விரிந்து தெரிந்தால் பிட்டைக் கழற்றி மறுபடி மாட்டிப் பாருங்கள், அப்போதும் விரிந்தால் மெஷினை வைத்துவிட்டு வாருங்கள். ஆட்டம் இருக்கிற மெஷினில் நுணுக்க வேலை வராது, பிட்டும் ஒடியும். செட்டில் வரும் பிட்டில் முக்கால்வாசியை நீங்கள் தொடவே மாட்டீர்கள். மரத்துக்கு நல்ல டங்ஸ்டன் கார்பைடு பர் நாலு, கல்லுக்கும் கண்ணாடிக்கும் வைரத்தூள் பிட் இரண்டு, இவை தனியாக வாங்கினதாக இருக்கட்டும்.

மெஷின் விட்டுவிட்டு ஓடுகிறது, உள்ளே நெருப்புப் பொறி தெரிகிறது. (வீரவநல்லூர்)

கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு இரண்டு பக்க மூடியையும் கழற்றிப் பாருங்கள், 40, 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை பார்ப்பது வழக்கம். மாற்றினால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். அப்படியே காற்றுத் துளையில் அடைந்திருக்கும் மரத்தூளையும் ஊதி எடுத்துவிடுங்கள்.