வாசகர் கேள்வி: ஆலைச் சங்கும் நடுவர் விசிலும்

கே: இரண்டாம் உலகப்போரின்போது இங்கிலாந்தில் ஆயுதத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே உள்ளூர்க் கால்பந்துக்கு நடுவராகவும் நின்றவர்கள் எப்படிச் சமாளித்தார்கள்? (மதுரை வாசகர்)

ப: ஷிப்டு பார்த்துத்தான் விசில். 1939 செப்டம்பரில் போர் அறிவித்ததும் தொழில்முறை அணிகள் ஆடிய பெரிய லீக், அணிக்கு மூன்று ஆட்டங்கள் அளவிலேயே நின்றுபோனது. உள்ளூர் ஆட்டங்கள் சில வாரங்களிலேயே மறுபடி தொடங்கின. லேத் (உலோகம் கடையும் இயந்திரம்) போன்ற நுட்ப வேலை தெரிந்தவர்களைப் பட்டாளத்துக்கு எடுக்காமல் ஆலையிலேயே வைத்துக்கொண்டார்கள். 1941-இல் வந்த அத்தியாவசியப் பணி ஆணைக்குப் பிறகு, அனுமதி இல்லாமல் வேலையை விடவும் முடியாது, மட்டம் போடவும் முடியாது. ராத்திரி ஷிப்டு முடித்து, கொஞ்சம் கண்ணயர்ந்து, பிற்பகலில் 90 நிமிடம் ஓட வேண்டும்.

கால் தளர்ந்தால் முதலில் கண்ணில் தவறுவது ஆஃப்சைடு, அதாவது பந்து வரும் முன்பே எதிரணித் தடுப்பாளர்களைத் தாண்டி முன்னே நிற்கும் தவறு. முன்னாள் நடுவர் ஸ்டான்லி ரவுஸ் பரப்பிய, நடுவர் மைதானத்தில் மூலைக்கு மூலை குறுக்காக ஓடும் முறைக்கு, எல்லைக்கோட்டில் நின்று உதவும் நடுநிலையான இரண்டு கொடிக்காரர்கள் தேவை. உள்ளூரில் கொடி பிடிப்பவர் அந்தந்த அணியின் ஆள். ‘பந்து வெளியே போனதை மட்டும் காட்டுங்கள்’ என்று தொடங்கும் முன்பே சொல்லிவிடுவதுதான் சரி. மற்றதெல்லாம் நடுவரின் கண்ணும் காலும்தான்.

நடுவில் விமானத் தாக்குதல் சங்கு ஊதி ஆட்டம் நின்றால், பந்து எங்கே இருந்தது என்பதை அவர் மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். ஆபத்து நீங்கியதும் அதே இடத்தில் பந்தைக் கையிலிருந்து விட்டுத்தான் மறுபடி தொடங்க வேண்டும். விசிலுக்குள் உருளும் தக்கை மணி எச்சிலில் ஊறினால் உப்பிச் சிக்கிக்கொள்ளும், சத்தம் வராது. சட்டைப்பையில் இரண்டாவது விசில் இருந்தே ஆக வேண்டும்.

கே: மலாயா ரப்பருக்கும் அந்த ஆட்டங்களுக்கும் தொடர்பு உண்டா? (கோலாலம்பூர் வாசகர்)

ப: உண்டு, நெருங்கிய தொடர்பே. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்ததும், நம் மக்கள் பால்மரம் சீவிய தோட்டங்களின் ரப்பர் பிரிட்டனுக்குக் கிடைக்காமல் போனது. அன்றைய தோல் பந்தின் உள்ளே இருந்த காற்றுப் பையான பிளாடர் ரப்பரால் ஆனது. ஓட்டை விழுந்தால் சைக்கிள் ட்யூபுக்குப் போடுவதுபோல ஒட்டுப்போட வேண்டியதுதான். காற்றடித்து, பிளாடரின் கழுத்தை மடித்துக் கட்டி, தோலுக்குள் திணித்து, திறப்பை மூடும் தோல் வாரை இறுக்கிக் கோக்க வேண்டும். வார் மேடாக நின்றால் தலையால் முட்டுபவரின் நெற்றி கிழியும். அதனால் நடுவர் முதலில் விரலால் தடவிப் பார்ப்பது வாரைத்தான்.

பிறகு அளவு: சுற்றளவு 27 முதல் 28 அங்குலம், எடை 14 முதல் 16 அவுன்ஸ். மழையில் தோல் தண்ணீரை உறிஞ்சிக் கனக்கும். ஆனால் விதி சொல்வது தொடக்க எடையை மட்டுமே. இடைவேளைக்குள் பந்து கல்லாய்க் கனத்தாலும், அதைக் காட்டி நடுவர் ஆட்டத்தை நிறுத்த முடியாது.