கணினிக்குள் வைரஸ்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, எந்த ஆன்டிவைரஸ் வாங்கலாம்? பட்ஜெட் ஆயிரம் ரூபாய்.

பதில்: வாங்க வேண்டாம். விண்டோஸிலேயே வரும் டிஃபெண்டர் வீட்டுக்குப் போதும், அதை அணைக்காமல் இருந்தால். அந்த ஆயிரத்தோடு இன்னும் கொஞ்சம் போட்டு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கி பேக்கப் எடுங்கள். எடுத்ததும் கழற்றி பீரோவில் வையுங்கள்.

கேள்வி: கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறேன் சார். ஒரு மென்பொருளுக்கு கிராக் இறக்கினேன். ஆன்டிவைரஸை நிறுத்தச் சொன்னது, நிறுத்தினேன். இப்போது எல்லா ஃபைல் பெயருக்குப் பின்னாலும் நாலெழுத்து ஒட்டியிருக்கிறது. ரீட்மீயில் 980 டாலர் கேட்கிறார்கள். 72 மணி நேரத்துக்குள் கட்டினால் பாதியாம்.

பதில்: அந்த 980, 72 கணக்கைப் பார்த்தால் ஸ்டாப் என்ற ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) குடும்பம் போலிருக்கிறது. கிராக், கீஜென் (திருட்டு லைசென்ஸ் எண் உருவாக்கும் கருவி) வழியாகத்தான் அது அதிகம் பரவியது. பணம் கட்டாதீர்கள். முதலில் இன்டர்நெட்டைத் துண்டியுங்கள்.

எம்சிசாஃப்ட் நிறுவனம் 2019 அக்டோபரில் இதன் 148 வகைகளுக்கு இலவச டிகிரிப்டர் (பூட்டைத் திறக்கும் மென்பொருள்) வெளியிட்டது. அதற்குப் பின் வந்தவற்றில், பூட்டும் நேரத்தில் வைரஸால் தன் சர்வரைத் தொட முடியாமல் போயிருந்தால் மட்டுமே வழி உண்டு. ரீட்மீயில் உள்ள ஐடி 't1' என்று முடிந்தால் அந்த ரகம், திறக்கும் சாவி கிடைக்கும் வரை காத்திருக்கலாம். இன்னொன்று, இது ஒவ்வொரு ஃபைலிலும் முதல் 150 கேபி அளவைத்தான் பூட்டும். அதனால் பெரிய வீடியோக்களைப் பல நேரம் மீட்கலாம், படங்கள் கஷ்டம். பூட்டிய ஃபைல்களை அழிக்காமல் தனியாக எடுத்து வைத்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள்.

இதோடு பாஸ்வேர்டு திருடும் மால்வேரும் இறங்கியிருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வேறொரு கணினியிலிருந்து ஜிமெயில், பேங்க் என்று எல்லா பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். பேக்கப் இருக்கிறதா?

கேள்வி: இருந்தது சார். டிஸ்க் செருகியே இருந்ததால் அதுவும் பூட்டிக்கொண்டது.

பதில்: மற்றவர்களும் இதைப் படியுங்கள். கழற்றி வையுங்கள்.

கேள்வி: ஜெராக்ஸ் கடைக்குப் போய்வந்த பென் டிரைவில் ஃபோல்டரெல்லாம் ஷார்ட்கட்டாக இருக்கிறது.

பதில்: ஷார்ட்கட்டைத் தொடாதீர்கள். டிஃபெண்டரில் ஸ்கேன் செய்துவிட்டு, மறைந்த ஃபைல்களைக் காட்டும் செட்டிங்கைப் போடுங்கள். பெரும்பாலும் உள்ளேயே இருக்கும்.

கேள்வி: இலவச ஆன்டிவைரஸில் எது பெஸ்ட்?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: மொபைலுக்கு?

பதில்: இங்கே கணினி மட்டும்.

கேள்வி: எல்லாரும் விண்டோஸை விட்டு லினக்ஸுக்கு வந்தால் இந்தத் தொல்லையே இல்லையே தோழர்?

பதில்: வந்துட்டீங்களா! 2024 மார்ச்சில் லினக்ஸில் ஃபைல்களைச் சுருக்கும் எக்ஸ்இசட் நூலகத்துக்குள்ளேயே பின்கதவு (ரகசியமாக நுழையும் வழி) வைத்தார்களே, மறந்துவிட்டதா?

கேள்வி: டெபியன் என்ற லினக்ஸ் வகையின் நிலையான பதிப்பான ஸ்டேபிளுக்கு அது வரவே இல்லை. சோர்ஸ் கோடு எல்லாரும் பார்க்கத் திறந்திருந்ததால்தானே மாட்டியது?

பதில்: ஸ்டேபிளுக்கு வரவில்லை, சரி. ஆனால் அதைக் கண்டுபிடித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், எஸ்எஸ்எச் லாகின் (தொலைவிலிருந்து இன்னொரு கணினிக்குள் நுழைவது) அரை நொடி தாமதமாகிறதே என்று நோண்டிப் பார்த்தவர். அவர் மைக்ரோசாஃப்ட் ஊழியர் வேறு!

கேள்வி: நோண்ட முடிந்ததே, அதைத்தான் சொல்கிறேன். விண்டோஸில் முடியுமா?

பதில்: அது நியாயம். ஆனால் ஆல்பக்காரருடைய மென்பொருள் லினக்ஸில் ஓட வேண்டுமே. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் வழக்கமான அப்டேட் நின்றுவிட்டது. 11 ஏறாத பழைய கணினியில் பிரவுசர் மட்டும் போதும் என்பவர்கள் லினக்ஸ் மின்ட் போடலாம், அதில் உங்கள் பக்கம்தான். பேக்கப் மட்டும் அங்கேயும் வேண்டும்.