நோன்பு பிடிப்பேன் என்னும் நீரிழிவு நோயாளி: வார்டுச் செவிலியர் என்ன செய்யலாம்?

கேள்வி: சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையின் பொது மருத்துவ வார்டில் பொறுப்புச் செவிலியராக இருக்கிறேன். காலில் புண் சீழ்பிடித்துச் சேர்க்கப்பட்டுள்ள 58 வயது இஸ்லாமியர் ஒருவர், இருவேளைக் கலப்பு இன்சுலினும், சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரையும் எடுத்துக்கொள்பவர், அடுத்த வாரம் ரமலான் பிறந்ததும் நோன்பு பிடிப்பேன் என்கிறார். மருத்துவரோ, "கூடாது என்று சொல்லிவிடுங்கள்" என்று கூறிவிட்டுப் போய்விட்டார். பக்கத்து அறையில் இருக்கும் ஜைன மூதாட்டி பொழுது சாய்ந்தபின் மாத்திரையைத் தொடுவதில்லை. அவரவர் நம்பிக்கைக்கு இடம் கொடுத்து, மருந்து நேரத்தையும் காப்பாற்றுவது எப்படி?

பதில்: மருத்துவரின் முடிவு உங்கள் நோயாளியைப் பொறுத்தவரை சரியானதே. ஆனால் அதை அந்த ஒற்றைச் சொல்லாகப் போய்ச் சொல்வதில்தான் ஆபத்து இருக்கிறது. "கூடாது" என்று கேட்ட நோயாளி நோன்பை விட்டுவிடுவார் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. அவர் உங்களிடம் சொல்வதைத்தான் முதலில் விடுவார். காலை 8 மணிக்கு நீங்கள் வழக்கம்போல இன்சுலின் போட்டுவிட்டுப் போவீர்கள், இட்லித் தட்டு மூடியபடியே இருக்கும், 11 மணிக்கு அவர் வியர்த்துச் சுருண்டுகிடப்பார். 13 நாடுகளில் 12,000-க்கும் மேற்பட்ட நீரிழிவு நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2004-இல் வெளியான எபிடியார் ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களில் ஏறத்தாழ 79 சதவீதம் பேர் ரமலானில் குறைந்தது 15 நாட்கள் நோன்பிருந்தது தெரியவந்தது. மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய அளவுக்குச் சர்க்கரை தாழ்ந்துபோவது அவர்களிடையே அந்த மாதத்தில் 7.5 மடங்கு கூடியது. ஆகவே, பண்பாட்டை மதிக்கும் செவிலியப் பணி என்று நாம் சொல்வதன் முதல் வேலை, எந்த மதம் எதைச் சொல்கிறது என்று மனப்பாடம் செய்வதன்று. இந்த மனிதர் நாளைக் காலை என்ன செய்யப்போகிறார் என்பதை அவர் வாயாலேயே உங்களிடம் சொல்லும் நிலையை உண்டாக்குவதுதான்.

அதற்குக் கேள்வியின் வடிவம் முக்கியம். "நோன்பு வைக்கமாட்டீர்கள்தானே?" என்றால் அவர் தலையாட்டிவிடுவார். "போன வருஷம் எத்தனை நோன்பு பிடித்தீர்கள், அப்போது ஊசியை எப்படிப் போட்டுக்கொண்டீர்கள், எப்போதாவது மயக்கம் வந்து இடையில் நோன்பை விட வேண்டியிருந்ததா?" என்று கேட்டால், உங்களுக்குத் தேவையான மருத்துவ விவரம் முழுவதும் அதிலேயே வந்துவிடும். எதற்கு அதிகம் அஞ்சுகிறார் என்றும் கேளுங்கள். புண்பட்ட காலை இழப்பதைவிட நோன்பைத் தவறவிட்டதற்கு மறுமையில் பதில் சொல்வதை அவர் பெரிதாக நினைக்கக்கூடும், அல்லது மகன்கள் முன்னால் உண்ண நேர்வதே அவருடைய கூச்சமாக இருக்கலாம். இரண்டுக்கும் நீங்கள் சொல்ல வேண்டிய சமாதானம் வேறுவேறு.

சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பும் டிஏஆர் (நீரிழிவும் ரமலானும்) கூட்டமைப்பும் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டல், நோயாளியின் நிலைமைக்கு மதிப்பெண் இட்டு, 6-ஐத் தாண்டினால் உயர் அபாயம் என வகைப்படுத்தி, நோன்பைத் தவிர்க்கச் சொல்கிறது. சிரைவழி நுண்ணுயிர்க்கொல்லி ஏறிக்கொண்டிருக்கும், சர்க்கரை நிலைகொள்ளாத உங்கள் நோயாளி அந்தப் பிரிவில்தான் வருவார். குர்ஆனே (2:184, 185) நோயுற்றவருக்குச் சலுகை அளித்து, விடுபட்ட நாட்களைப் பின்னர் நிறைவேற்றச் சொல்கிறது. இதைக் களா என்பார்கள், நிரந்தரமாக இயலாதவர் ஏழைக்கு உணவளிப்பது ஃபித்யா. ஆனால் இந்த வசனத்தை நீங்கள் அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டாம். அது அவருக்குத் தெரியும். வேறு மதத்தவர் ஒருவர் தம் வேதத்தைத் தமக்கே பாடம் நடத்துவதை யாரும் விரும்புவதில்லை. அவருடைய பள்ளிவாசல் ஹஜ்ரத்தை (மார்க்க அறிஞரை) வார்டுக்கு வரவழைக்கக் குடும்பத்தாரிடம் கேளுங்கள். மருத்துவர் அவரிடம் நேரில் அபாயத்தை விளக்கட்டும். தீர்ப்பு ஹஜ்ரத் வாயிலிருந்து வரும்போது நோயாளிக்குக் குற்றவுணர்வு பெரும்பாலும் நீங்குகிறது.

நோன்பு இல்லை என்று ஆனபின்பும் ரமலான் அவருக்கு உண்டு. தொழுகைக்கு முன் கைகால் கழுவும் ஒளூச் செய்யும்போது கையிலுள்ள கேனுலா (மருந்தேற்றும் குழாய்) நனையாமல் இருக்க நெகிழி உறை கட்டிவிடுவதும், கட்டிலைத் தொழுகைத் திசையான கிப்லா நோக்கித் திருப்ப முடியுமா என்று பார்ப்பதும், மாலையில் வீட்டார் நோன்பு திறக்கும் நேரத்துக்கு அவருடைய சிற்றுண்டியை ஒத்திப்போட முடியுமா என்று டயட்டீஷியனிடம் கேட்பதும் உங்கள் கையில் இருப்பவை. பள்ளிவாசல் நோன்புக் கஞ்சி வந்தால் தடுக்க வேண்டியதில்லை, அளவு பார்த்து மாவுச்சத்துக் கணக்கில் சேர்த்துக்கொண்டால் போதும். படுக்கையிலேயே இருப்பதால் அவருக்கு ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் எழுதியிருப்பார்கள் என்றால், அது பன்றிக் குடலிலிருந்து எடுக்கப்படுவது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். உயிர்காக்கும் கட்டாயத்தில் அனுமதிக்கலாம் என்பது பல மார்க்க அறிஞர்கள் கருத்து. ஏற்காவிட்டால், செயற்கையாகத் தயாரிக்கப்படும் ஃபோண்டாபேரினக்ஸ் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் அவர் பிடிவாதமாக நோன்பு வைத்தால்? அதை மீறல் என்று எழுதாமல், தகவலாகக் கேஸ் ஷீட்டில் எழுதி, அன்றே மருத்துவருக்குத் தெரிவியுங்கள். கலப்பு இன்சுலினின் பெரிய அளவை மாலைக்கு மாற்றிச் சஹர் (விடியலுக்கு முந்தைய உணவு) வேளை அளவைக் குறைப்பது, கிளிமிபிரைடை மாற்றுவது போன்றவை மருத்துவரின் ஆணை இல்லாமல் ஆகாது. ஆனால் யாரும் ஆணையைத் திருத்தாமல் பழைய 8 மணி ஊசி அப்படியே போவதைத் தடுப்பது உங்கள் பொறுப்பு. விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பது நோன்பை முறிக்காது என்பதே பெரும்பாலான அறிஞர் கருத்து. இதை அறியாமல் மறுப்பவர்கள் நிறைய, ஆகவே ஹஜ்ரத் வரும்போதே அவரிடம் கேட்டுவிடுங்கள். சர்க்கரை 70-க்குக் கீழோ 300-க்கு மேலோ போனால் அப்போதே நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்பதை முன்னதாகவே பேசி ஒப்புக்கொள்ளச் செய்வது, நடுப்பகலில் மயங்கும் மனிதரோடு வாதாடுவதைவிட எளிது.

மூதாட்டியின் விஷயம் இதைவிட இலகுவானது, ஆனால் ஜைனர் என்ற ஒரு சொல்லால் தீர்ந்துவிடாது. பொழுது சாய்ந்தபின் தண்ணீர்கூட அருந்தாதவர் உண்டு, தண்ணீரை மட்டும் ஏற்பவர் உண்டு. பின்னவர் அந்தத் தண்ணீரோடு மாத்திரையையும் ஏற்பாரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். காலையிலும் சிலர் உதயத்திலிருந்து 48 நிமிடம் கழியும்வரை எதையும் வாயில் வைப்பதில்லை. இந்த இரு எல்லைகளையும் கேட்டறிந்தால், 8 மணிக்கு 8 மணி என்றிருக்கும் மாத்திரையைக் காலை 7.30, மாலை 5.30 என நகர்த்த முடியுமா, அல்லது ஒருவேளை மருந்தாக மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். 12 மணி நேர இடைவெளியைக் கண்டிப்பாகக் கோரும் மருந்தாக இருந்தால், அதை மூதாட்டியிடமே நேராகச் சொல்லுங்கள். மொழி தடையானால் பேத்தியை மொழிபெயர்க்க வைக்காமல் வயது வந்த ஒருவரை, முடிந்தால் ஊழியர்களில் ஒருவரை அழையுங்கள். உறையில் விலங்குக் கூழ்மம் (ஜெலட்டின்) உள்ள கேப்சூல்களும் அவருக்கு ஒவ்வாதிருக்கலாம்.

மெடலீன் லெய்னிங்கர் என்ற அமெரிக்கச் செவிலிய அறிஞர், பண்பாட்டோடு இணைந்த பராமரிப்பை மூன்று வழியாகப் பிரித்தார்: இருப்பதைப் பேணுவது, இசைந்து கொடுத்துப் பேசி முடிப்பது, தீங்கானால் நோயாளியோடு சேர்ந்து மாற்றியமைப்பது. கிப்லா முதல் வகை, மூதாட்டியின் மாத்திரை இரண்டாவது, இந்த ஆண்டின் நோன்பு மூன்றாவது. எல்லாவற்றையும் மூன்றாவது வகையாகவே கையாளுவதுதான் வார்டுகளில் நான் காணும் குறை.

இன்னொன்று. மதவாரியாக 'செய்யத்தக்கவை, தகாதவை' என்று செவிலியர் அறையில் ஒட்டும் அட்டவணையை நான் பரிந்துரைப்பதில்லை. நோன்பே பிடிக்காத இஸ்லாமியரை அது நோன்பாளியாக்கிவிடும்; அதைவிட மோசமாக, கந்த சஷ்டிக்கு 6 நாள் விரதமிருக்கும் நீரிழிவு நோயாளி யார் கண்ணிலும் படமாட்டார், ஏனெனில் நம் வீட்டு வழக்கத்தை நாம் பண்பாடு என்றே எண்ணுவதில்லை. சேர்க்கைப் படிவத்தில் எல்லோருக்கும் ஒரே கேள்வி போதும்: "இங்கே இருக்கும் நாட்களில் உணவு, மருந்து, ஊசி, குளியல், ஆடை ஆகியவற்றில் நாங்கள் கவனிக்க வேண்டிய வழக்கம் ஏதும் உண்டா?" பதிலை ஷிப்ட் மாறும்போது வாய்மொழியாகவும் ஒப்படையுங்கள், இல்லையென்றால் இரவில் வரும் செவிலியர் அதே கேள்வியைத் திரும்பக் கேட்பார், நோயாளி சலித்துப்போவார்.

உங்கள் நோயாளி வீடு திரும்பும்போது, களா நோன்புகளை எப்போது தொடங்கலாம் என்று மருத்துவரிடம் கேட்டு டிஸ்சார்ஜ் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். ரமலான் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னே நகர்வதால், அடுத்த ரமலானுக்கு 6 முதல் 8 வாரம் முன்பாக வரும் தேதியைக் கணக்கிட்டு, மருந்தளவைத் திருத்திக்கொள்ள அன்று வந்து பார்க்குமாறு அதே சீட்டில் குறித்துக் கொடுங்கள்.