ஒரு சனிக்கிழமை, தூத்துக்குடியில்

கேள்வி: குன்னூரில் இருக்கிறோம். கணவருக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. ஞாயிறு லீவு, கேட்டால் ஒரு சனிக்கிழமையும் கிடைக்கும். பிள்ளைகளுக்கு 11 வயது, 7 வயது. இருவரும் இதுவரை கடலைப் பார்த்ததில்லை. ஊர் உலகமெல்லாம் எங்கள் ஊருக்குச் சுற்றுலா வருகிறது, நாங்கள் எங்கே போவது? கன்னியாகுமரி, ராமேஸ்வரம் என்றால் கூட்டமும் செலவும். தூத்துக்குடி போகலாமே என்றேன். "அங்கே என்ன இருக்கு? துறைமுகமும் உப்பும்தானே" என்கிறார் கணவர். 68 வயது மாமியாரும் வருவார். அவர் சுத்த சைவம். மே விடுமுறையில், 6,000 ரூபாய்க்குள் போய்வர முடியுமா? – வாசகி, குன்னூர்

பதில்: உங்கள் வீட்டுக்காரர் சொன்னதில் தப்பில்லை. துறைமுகமும் உப்பும்தான் இருக்கின்றன. கூடவே மீனும் மக்ரூனும் பரோட்டாவும். திருச்செந்தூர் போகிற வழியில் பஸ் மாறும் ஊராகவே பலருக்கும் தூத்துக்குடி தெரியும். உச்சி வெயிலில் இறங்கி, சுற்றிப் பார்த்து, "ஒண்ணுமில்லை" என்று கிளம்பிவிடுவார்கள். நடுப்பகலில் அங்கே உண்மையிலேயே ஒன்றுமில்லை. அந்த ஊரின் நடமாட்டமெல்லாம் விடியலிலும் சாயங்காலத்துக்கு மேலும்தான். அதற்குத் தக்கபடி உங்கள் நேரத்தை அமைத்துக்கொண்டால் ஒரு நாள் போதும், ராத்தங்கல் செலவும் மிச்சம்.

முதலில், மே வேண்டாம். கத்திரி வெயிலை விடுங்கள், அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். நாட்டுப்படகுகள் மட்டும் போய்வரும், மீன் குறைவு, விலை கூடுதல். போதாததற்கு மே மாதம் உங்கள் மலைப்பாதையே சீசன் வண்டிகளால் அடைத்துக் கிடக்கும். டிசம்பர் அரையாண்டு விடுமுறையையும் நம்ப வேண்டாம், அது வடகிழக்குப் பருவமழைக் காலம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்ததும், மாவட்டமே வெள்ளத்தில் மிதந்ததும் நினைவிருக்கும்.

செப்டம்பர் கடைசியில் வரும் காலாண்டு விடுமுறை நல்ல சமயம். தடை முடிந்திருக்கும், மழை தொடங்கியிருக்காது, உப்பளங்களிலும் வேலை நடந்துகொண்டிருக்கும். ஜனவரி கடைசி, பிப்ரவரி என்றால் வெயில் இன்னும் சாது. பனிமய மாதா திருவிழாவைப் பார்க்க வேண்டுமென்றால் ஜூலை 26 கொடியேற்றம், ஆகஸ்ட் 5 திருநாள். ஆனால் அந்தப் பத்து நாளும் லாட்ஜில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு.

போக்குவரத்தில் உங்களுக்கு அதிர்ஷ்டம்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து தூத்துக்குடிக்கு நேர் ரயிலே 2024இல் வந்துவிட்டது. வெள்ளியும் ஞாயிறும் இரவு 7.35க்கு மேட்டுப்பாளையத்தில் கிளம்பி, கோவை, பொள்ளாச்சி, பழனி, மதுரை வழியாக விடிகாலை 4.20க்குப் போய்ச் சேரும். திரும்பும் வண்டி வியாழனும் சனியும் இரவு 10.50க்கு. ஆக வெள்ளி ராத்திரி ஏறி, சனி முழுக்க ஊரைப் பார்த்து, சனி ராத்திரியே ஏறினால் ஞாயிறு காலை 7.40க்கு மேட்டுப்பாளையம். கால அட்டவணை மாறக்கூடியது, பதிவு செய்யும்போது ஒருமுறை சரிபாருங்கள். (கொடைக்கானல்காரர்களும் பழனிக்கு இறங்கி இதே வண்டியைப் பிடிக்கலாம். மதுரை வழியாக பஸ்ஸில் போனால் கொடைக்கானல் பஸ் ஆரப்பாளையத்தில் விடும், தூத்துக்குடி பஸ் மாட்டுத்தாவணியில். நடுவே ஊரைக் கடக்க வேண்டும்.)

முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறந்துவிடும். டிக்கெட் எடுக்கும்போது பலர் செய்கிற தவறு, ஐந்து பேரையும் ஒரே டிக்கெட்டில் போடுவது. 45 வயது தாண்டிய பெண்களுக்குக் கீழ் பெர்த் ஒதுக்கீடு உண்டு. ஆனால் அது தனியாகவோ, அதே தகுதியுள்ள இன்னொருவருடனோ பதிவு செய்தால்தான். இளையவர்களோடு சேர்த்தால் ஒதுக்கீடு போய்விடும், மாமியார் மேல் பெர்த்தைப் பார்த்து நிற்பார். அவருக்கு மட்டும் தனி டிக்கெட் எடுங்கள். 5 முதல் 12 வயதுவரை பெர்த் வேண்டாமென்றால் அரை டிக்கெட்தான், ஆனாலும் இரு பிள்ளைகளுக்கும் முழு டிக்கெட் எடுத்துவிடுங்கள். ராத்திரி தூக்கம் கெட்டால் மறுநாள் முழுக்கச் சிணுங்கல்தான்.

ஸ்லீப்பரில் ஒருவருக்கு ஏறத்தாழ 300 ரூபாய் வைத்தால் போக வர ஐந்து பேருக்கு 3,000. பகலில் ஓர் அறைக்கு 1,000 ஒதுக்குங்கள். மீதி 2,000இல் சாப்பாடு, ஆட்டோ, மக்ரூன் எல்லாம் அடங்கும். டவுன் பஸ்ஸில் உங்களுக்கும் மாமியாருக்கும் டிக்கெட் இல்லை.

வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கெல்லாம் குன்னூர் பஸ் ஸ்டாண்டில் இருங்கள். பர்லியார் வளைவுகளில் ஒரு லாரி நின்றுபோனால் ஒரு மணி நேரம் காணாமல் போகும். ராத்திரிச் சாப்பாட்டைக் கட்டி எடுத்துக்கொள்ளுங்கள். தூத்துக்குடி கடைசி நிலையம், தூங்கிவிடுவோமோ என்ற கவலை இல்லை. அதற்கு முன் தூத்துக்குடி மேலூர் என்று ஒரு நிலையம் வரும், வண்டி அங்கே நின்றாலும் அரைத் தூக்கத்தில் இறங்கிவிடாதீர்கள்.

நாலரைக்கு இறங்கியதும் ஊருக்குள் போக அவசரப்பட வேண்டாம். காத்திருப்பு அறையில் பல் துலக்கி, வெளிச்சம் வருகிற வேளையில் கடற்கரைச் சாலைக்குப் போங்கள். செப்டம்பர் கடைசியில் சூரியன் ஆறே காலுக்குள் எழுந்துவிடும், ஜனவரியில் 6.40 ஆகும். ரோச் பூங்கா பக்கம் உட்கார்ந்து பார்க்க நல்ல இடம். கடல் என்றதும் பிள்ளைகள் பெரிய அலையை எதிர்பார்ப்பார்கள். இங்கே குளம் மாதிரி கிடக்கும். வெளியே மன்னார் வளைகுடாத் தீவுகள் வரிசையாக நின்று அலையை உடைத்துவிடுகின்றன. அந்தத் தீவுகளுக்குக் கூட்டிப்போகிறேன் என்று யாராவது படகைக் காட்டினால் மறுத்துவிடுங்கள். அது தேசியப் பூங்கா, அனுமதியில்லாமல் கால் வைத்தால் வழக்கு.

அங்கிருந்து ஆட்டோவில் திரேஸ்புரம். நாட்டுப்படகுகள் மீனை இறக்கும் கரை இது. உங்கள் பயணத்தில் ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் இதற்குக் கொடுங்கள். படகு கரை தொட்டதும் வலையிலிருந்து மீனை உதறி, இனம் பிரித்து, தரையில் குவியல் குவியலாகப் போடுவார்கள். சுற்றி வியாபாரிகள் நெருங்கி நிற்க, ஏலம் விடுபவர் மூச்சு விடாமல் தொகையை ஏற்றிக்கொண்டே போவார். ஒரு குவியல் கை மாற ஒரு நிமிடம்கூட ஆகாது. கூட்டத்துக்குள் நிற்கும்போது கையைத் தூக்கி எதையும் சுட்டிக்காட்டாதீர்கள், தலையாட்டாதீர்கள். குன்னூர் மார்க்கெட்டில் மத்தி என்று வாங்குவது இங்கே சாளை. சென்னைக்காரர்களின் வஞ்சிரம் இங்கே சீலா. மீன்காரரிடம் ஒரு மீனின் செவுளைத் தூக்கிச் சின்னப் பிள்ளைக்குக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். ஐஸ் படாத மீனின் செவுள் எவ்வளவு சிவப்பு என்பது மலையில் வளர்ந்த பிள்ளைக்குப் புதுசு.

கூடையோடு வருபவர்களுக்கு வழி விடுங்கள். படம் எடுக்குமுன் ஒரு வார்த்தை கேளுங்கள். தரை வழுக்கும், சிப்பி ஓடு காலைக் கிழிக்கும். ஆகவே பின்பக்கம் வார் வைத்த ரப்பர் செருப்பு போதும், ஷூ வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை இங்கே கடலுக்குப் போகமாட்டார்கள். கரை வெறிச்சென்று கிடக்கும். சனிக்கிழமையைப் பிடியுங்கள் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மாமியாருக்கு இந்த வாடை ஒத்துக்கொள்ளாது. அவரும் உங்களில் ஒருவரும் நேரே பனிமய மாதா பேராலயத்துக்குப் போய் உட்காரலாம். இப்போதுள்ள கோயில் 1713இல் எழுந்தது, 1982இல் பசிலிக்காவாக உயர்ந்தது. உறைபனி என்றால் என்னவென்றே தெரியாத ஊரில் பனிக்கு ஒரு மாதா இருக்கிறாள். ஜனவரியில் விடிகாலைப் புல்லில் உறைபனி பார்க்கிற உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். இன்னொரு வேடிக்கை: 1658 முதல் 1825 வரை பெரும்பாலும் இந்த ஊர் டச்சுக்காரர்கள் கையில் இருந்தது, முதலில் இதைப் பிடித்த அவர்களுடைய கம்பெனியின் பெயர்ச் சுருக்கம் வி.ஓ.சி. 1906இல் வெள்ளைக்காரனுக்கு எதிராகச் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியவரும் வ.உ.சி.தான். துறைமுகம் இன்று அவர் பெயரில் இருக்கிறது.

காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு, 11 மணிக்குள் அறைக்குப் போய்விடுங்கள். மூன்றரை வரை வெளியே தலை காட்ட வேண்டாம். மலைக்காரர்கள் ஏமாறுவது இங்கேதான். குளிரில் தாகம் தெரியாமல் பழகியவர்கள், இங்கேயும் தாகம் எடுக்கட்டும் என்று காத்திருப்பார்கள். அதற்குள் தலைவலி வந்துவிடும். வியர்வையில் தண்ணீரோடு உப்பும் போகிறது, வெறும் தண்ணீர் மட்டும் போதாது. எலுமிச்சை பிழிந்து, ஒரு லிட்டருக்கு அரை டீஸ்பூனுக்குக் குறைவாக உப்பும் கொஞ்சம் சர்க்கரையும் போட்டு வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு அடிக்கடி கொடுங்கள். பருத்திச் சட்டை மட்டும் போடுங்கள், இல்லையென்றால் ஒரே நாளில் கழுத்தெல்லாம் வேர்க்குரு.

நாலு மணிக்குத் துறைமுகச் சாலையில் பஸ்ஸோ ஆட்டோவோ பிடியுங்கள். வழியில் உப்பளம். நிலத்தடி உவர்நீரை இறைத்துப் பாத்தி பாத்தியாக மாற்றி மாற்றி வெயிலில் காயவைப்பார்கள். நீரின் அடர்த்தி ஏறஏற முதலில் சுண்ணாம்புச் சத்து படியும், போமே அளவில் (இது வெப்பமல்ல, அடர்த்தியை அளக்கும் அலகு) 25 டிகிரியைத் தொட்டால்தான் உப்பு பூக்கும். 30 டிகிரி வரை விட்டால் கசப்பு உப்புகளும் சேர்ந்துவிடும். அதனால் அதற்கு முன்பே மிச்ச நீரை வெளியேற்றிவிடுவார்கள். வாருவதெல்லாம் வெயில் ஏறுமுன், விடியலிலேயே நடந்து முடிந்திருக்கும். நீங்கள் பார்க்கப் போவது கீற்றோ தார்பாயோ போர்த்திய வெள்ளைக் குவியல்களைத்தான். பாத்தி வரப்பில் ஏறாதீர்கள். ஒரு மிதியில் வரப்பு உடைந்தால் பாத்தி நீர் கலந்து, பல நாள் உழைப்பு போய்விடும். சாலையில் நின்றே பாருங்கள், கண் கூசும்.

துறைமுகத்துக்குள் அனுமதிச் சீட்டில்லாமல் விடமாட்டார்கள். கவலை வேண்டாம், பக்கத்துக் கடற்கரையிலிருந்தே கப்பல்கள் தெரியும். இரு பக்கமும் சுமார் 4 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலுக்குள் ஓடும் அலைதடுப்புச் சுவர்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். முயல் தீவு என்ற பெயரைக் கேட்டுப் படகு தேட வேண்டாம், சாலையிலேயே போகலாம். வாயிலை அடைத்து வைக்கிற நாளும் உண்டு, ஆட்டோக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீரில் ஆட இதுதான் நேரம். ஆழம் கம்மிதான், ஆனால் செருப்பைக் கழற்ற வேண்டாம்.

ஏழு மணிக்கு ஊருக்குள் பரோட்டா. இரவுப் பரோட்டாக் கடையை இங்கே நைட் கிளப் என்பார்கள், யாராவது அப்படி வழி சொன்னால் திகைக்காதீர்கள். கல்லில் வெந்த பரோட்டாவை எண்ணெயில் முக்கி மொறுமொறுவென்று எடுப்பது பொரித்த பரோட்டா. அதை முதலில் கையால் நொறுக்குங்கள், அப்புறம் சால்னா ஊற்றுங்கள், உடனே சாப்பிடுங்கள். ஊற்றிவிட்டுப் பேசிக்கொண்டிருந்தால் கூழாகிவிடும். தலைக்கு இரண்டு போதும், ஞாயிறு காலை மலைப்பாதை இருக்கிறது. சால்னா கறியில் செய்வது, மாமியாருக்கு இட்லிக் கடைதான்.

மக்ரூனிலும் முட்டை உண்டு என்பதை அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். முட்டை வெள்ளைக்கருவை நுரை நிமிர்ந்து நிற்கும்வரை அடித்து, சர்க்கரையும் முந்திரித் தூளும் கலந்து, கூம்பு கூம்பாகப் பிழிந்து, மெல்லிய சூட்டில் வெகுநேரம் உலர்த்தியெடுப்பது. கையில் எடுத்தால் கனமே இருக்கக்கூடாது. அடிப்பாகம் விரலில் ஒட்டினால் அது ஈரம் வாங்கிவிட்ட சரக்கு. கடைசியாக, ரயிலுக்குக் கிளம்பும்போது அரைக்கிலோ வாங்குங்கள். சர்க்கரை காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். குன்னூர் மேகமூட்டத்தில் அரைமணி நேரம் திறந்து வைத்தால் பிசுபிசுத்துவிடும். இறுக மூடும் எவர்சில்வர் டப்பா ஒன்றை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். பிரிட்ஜில் வைக்காதீர்கள்.

கருவாடு வாங்கினால் அதற்கு வேறு பை. செய்தித்தாளில் இரண்டு சுற்று சுற்றி, பாலித்தீன் பையில் போட்டுக் கட்டி, அதன்மேல் துணிப்பை. இல்லையென்றால் மேட்டுப்பாளையத்தில் கண்டக்டர் முறைப்பார். மலை ரயிலுக்கு ஆசைப்படாதீர்கள், அது 7.10க்கே கிளம்பிவிடும், நீங்கள் வந்து இறங்குவது அதற்கு அரைமணி நேரம் கழித்து. நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போங்கள். ஸ்வெட்டர்களை மட்டும் பையின் அடியில் திணிக்காமல் மேலாக வையுங்கள். காட்டேரி தாண்டும்போது பிள்ளைகள் கேட்பார்கள்.