காக்காவும் தாத்தாவும்

தம்பி, தஞ்சாவூரிலிருந்து கோலாலம்பூருக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. மூன்று வயது மகன் இன்னமும் காக்காவைத் 'தாத்தா' என்கிறான். காப்பகத்தில் மலாயும் ஆங்கிலமும் கேட்டு நாக்குக் குழம்பிவிட்டதா, வீட்டில் தமிழை நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிறுத்தாதீர்கள்.

இங்கே கோலாலம்பூரின் செந்தூலில் நாங்கள் குடியேறிய புதிதில் என் மகளும் காக்காவைத் தாத்தா ஆக்கினாள். (இங்குள்ள காக்காவே இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவந்து விட்ட பறவைதான், அது வேறு கதை.) மலாய்க்காரர்கள் அக்காவை 'காகாக்' என்பார்கள், கடைசி 'க்' தொண்டையிலேயே நின்றுவிடும். காப்பகத்தில் சோறூட்டும் பெண்ணை மற்றக் குழந்தைகள் அப்படிக் கூப்பிட, இவள் 'தாத்தா' என்று கூப்பிட்டாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. பிறகுதான் விளங்கியது: இரண்டு மொழியிலும் ஒரே பிழை என்றால் மொழிகளின் மேல் குற்றமில்லை, நாக்கு இன்னும் பழகவில்லை. 'க' சொல்ல அடிநாக்கு மேலே எழ வேண்டும். நுனிநாக்கை ஆட்டுவது எளிது, அதனால் 'த' வந்துவிடுகிறது. பெரும்பாலும் நான்கு வயதுக்குள் சரியாகிவிடும். 'ம', 'ப' உதட்டோடு முடிவதால் முந்திக்கொள்கின்றன. 'ர', 'ழ' கடைசி வரிசை. ழகரம் நம் பெரியவர்களிலேயே எத்தனை பேருக்கு வருகிறது?

காகத்தைக் காட்டி நீங்களே 'தாத்தா' என்று சொல்லிப் பாருங்கள். நான் அப்படிச் சொன்னபோது என் மகள் முறைத்துக்கொண்டு, "தாத்தா இல்லை, தாத்தா!" என்றாள். காது பிரித்தறிகிறது, வாய்தான் பின்தங்குகிறது. ஆங்கிலத்தில் 'ஃபிஷ்' என்பதை 'ஃபிஸ்' என்ற குழந்தையிடம் இதையே கண்டு பெர்கோ, பிரவுன் என்ற ஆய்வாளர்கள் 1960இல் எழுதியிருக்கிறார்கள்.

"எங்கே, 'க' சொல்லு" என்று பரீட்சை மட்டும் வைக்காதீர்கள். என் மாமியார் தினமும் வைத்தார். பிள்ளை அவர் எதிரில் வாய் திறப்பதையே விட்டுவிட்டாள். உங்கள் மகன் காகத்தைக் காட்டி "தாத்தா பறக்கிறது" என்றால், "ஆமாம், காக்கா பறக்கிறது" என்று பதில் சொன்னால் போதும்.

நான்கு வயதிலும் அவன் பேச்சு வெளியாருக்குப் புரியாவிட்டாலோ, அடிக்கடி காதுவலி வந்தாலோ, முதலில் செவித்திறனைச் சோதித்துவிடுங்கள். அரசு மருத்துவமனைகளில் வெளிநாட்டவருக்குக் கட்டணம் கூடுதல், விசாரித்துக்கொண்டு போங்கள். பேச்சுப் பயிற்சியாளர் தேவைப்பட்டால் தமிழ் தெரிந்தவராகத் தேடுங்கள். ல, ள, ழ பேதம் அறியாதவர் அவன் தமிழை எதைக்கொண்டு அளப்பார்?

காப்பகத்துப் பெண்ணிடம் மட்டும் விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். எங்கள் 'தாத்தா'வுக்கு அப்போது வயது இருபத்திரண்டு.