சைக்கிளில் போகிறவர்களை உரசிக்கொண்டு ஓடும் வாகனங்களைப் பற்றி முறைப்பாடு செய்தால் பலன் இருக்கிறதா?

கேள்வி கேட்டவர் மட்டக்களப்பில் தினமும் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர். பஸ்ஸும் டிப்பரும் தோளை உரசுகிற மாதிரிப் போகின்றன, பொலிசில் சொன்னால் ஏதாவது நடக்குமா, அல்லது அரை நாள் வீணாவதுதான் மிச்சமா என்று கேட்டிருக்கிறார்.

பலன் இருக்கிறது. நான் முதலில் செய்த இரண்டு முறைப்பாடுகளைச் சொல்கிறேன். முதல் தரம் ஒன்றும் நடக்கவில்லை, இரண்டாம் தரம் நடந்தது. இரண்டுக்கும் இடையில் என்ன வித்தியாசம் என்று சொன்னாலே உங்களுக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

எனக்கு ஊர் தேற்றாத்தீவு. வேலை களுவாஞ்சிகுடியில். மட்டக்களப்பிலிருந்து தெற்கே போகிற கல்முனை வீதியைத் தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் இருக்கிற ஒடுங்கிய மண்ணில் ஊர்கள், பள்ளிக்கூடங்கள், கோயில்கள், சந்தைகள். கொழும்புக்குப் போகிற பஸ்ஸும், வெற்றிலைக் கட்டோடு சந்தைக்குப் போகிற களுதாவளைக்காரரின் சைக்கிளும் அதே தாரில்தான் ஓட வேண்டும். காப்பெட் போட்ட பிறகு வாகனங்களின் வேகம் கூடிவிட்டது. தாரின் விளிம்பிலிருந்து மணலுக்கு இறங்குகிற இடத்தில் மட்டும் பல இடங்களில் இன்னும் ஒரு சின்னப் பள்ளம். சைக்கிளின் முன் சில்லு அதில் இறங்கினால் ஹேண்டில் நம் சொல் கேட்காது.

எனக்கு நடந்தது அதுதான். பின்னேரம் ஐந்தரை இருக்கும். இரண்டு பஸ்கள் ஆள் பிடிக்கப் போட்டி போட்டு வந்தன. பின்னால் வந்தது முன்னால் போனதை முந்தியது, முந்தப்பட்டது என் பக்கம் ஒதுங்கியது. கண்ணாடி என் கையைத் தொட்டதா, காற்றுத்தான் தள்ளியதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மணலில் கிடந்தேன். முழங்காலில் தோல் போனதைத் தவிர வேறு காயமில்லை.

அடுத்த நாள் முறைப்பாடு செய்யப் போனேன். “என்ன நம்பர்?” என்று கேட்டார்கள். வெள்ளை பஸ், நீலக் கோடு என்றேன். எந்த இடம் என்றார்கள். தேற்றாத்தீவுக்கும் களுதாவளைக்கும் இடையில் என்றேன். “நம்பர் தெரியாட்டி நாங்க எங்க போய்த் தேடுற?” என்றார் எழுதியவர். அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தால் அவர் கேட்டதில் பிழையில்லை.

சில மாதம் கழித்து, பொழுதுபடுகிற மக்ரிப் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு வேன் அதே மாதிரி ஒட்டி உரசிக்கொண்டு போனது. இந்த முறை நான் விழவில்லை. கையும் காலும் நடுங்க, எழுத்துகளையும் நாலு இலக்கங்களையும் தேவாரம் மாதிரி வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடுத்த கடை வரைக்கும் ஓடினேன். கடைக்காரத் தம்பியிடம் பேனை வாங்கிப் பால்மா மட்டையில் எழுதினேன். நேரம், எந்த மதவடி, வேன் எந்தத் திசைக்குப் போனது, வேறு யார் பார்த்தது, எல்லாம் அந்த மட்டையில்.

மட்டையோடு பொலிசுக்குப் போனேன். அவர்கள் வேன்காரரைக் கூப்பிட்டார்கள். சின்னப் பொடியன். “சத்தியமா நான் உங்களக் காணல்ல ஐயா” என்றான். அவன் பொய் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். கையில் போன் இருந்ததை அவனே ஒத்துக்கொண்டான். அறுபது கிலோமீற்றர் வேகத்தில் ஒரு செக்கனுக்குப் பதினாறு, பதினேழு மீற்றர் வாகனம் ஓடும். இரண்டு செக்கன் போனைப் பார்த்தால் முப்பது மீற்றருக்கு மேல் கண்ணில்லாமல் ஓடியிருக்கிறான். அந்த முப்பது மீற்றருக்குள் நான் இருந்தேன். எச்சரித்து, அபராதம் எழுதி அனுப்பினார்கள். பின்னால் ஒளி தெறிக்கிற சிவப்பு ரிஃப்ளெக்டர் இல்லை என்று எனக்கும் சொன்னார்கள். அன்றைக்கே வாங்கிப் பூட்டினேன்.

நான் இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒருவர் செத்தால், கால் முறிந்தால் பொலிஸ் புத்தகத்தில் ஏறும். மயிரிழையில் தப்பியது எங்கேயும் ஏறாது. அதே வளைவில், அதே பஸ் நாற்பது பேரை ஒதுக்கித் தள்ளியிருக்கலாம். நாற்பது பேரும் “கடவுள் காப்பாத்தினார்” என்று வீட்டுக்குப் போயிருப்பார்கள். நாற்பத்தோராவது ஆள் ரியூசன் முடிந்து வருகிற பிள்ளையாக இருந்தால்? அதனால் அடிபடாத நாளில்தான் முறைப்பாடு எழுத வேண்டும் என்பேன்.

இங்கிலாந்தில் 2016ஆம் ஆண்டு வெஸ்ட் மிட்லண்ட்ஸ் பொலிசார் ஒரு வேலை செய்தார்கள். சாதாரண உடுப்பில் பொலிஸ்காரரே சைக்கிளில் போவார். நெருக்கமாக முந்துகிற வாகனத்தை முன்னால் நிற்கிறவர்கள் மறித்து, எவ்வளவு இடம் விட வேண்டும் என்று காட்டுவார்கள். வேல்ஸில் பொதுமக்கள் எடுத்த வீடியோவை வாங்கி நடவடிக்கை எடுக்கிற முறையும் அந்தக் காலத்தில்தான் தொடங்கியது. 2022 ஜனவரியில் அவர்களுடைய வீதிக் கோவையில், முப்பது மைல் வேகம் வரைக்கும் குறைந்தது ஒன்றரை மீற்றர் விட வேண்டும் என்று எழுதியே வைத்தார்கள். நம்முடைய வீதியில் எல்லா இடத்திலும் ஒன்றரை மீற்றர் விட முடியாது, உண்மைதான். விட முடியாத இடத்தில் பின்னால் மெதுவாக வரலாமே.

சரி, இங்கே எங்கே சொல்வது? உயிருக்கு ஆபத்து என்றால் உடனே 119. யாராவது விழுந்து கிடந்தால் முதலில் 1990 அம்புலன்ஸ், மற்றதெல்லாம் பிறகு. 2025 ஜூலையில் பொலிசார் ஈ-ட்ரபிக் என்ற செயலியைக் கொண்டுவந்தார்கள். படமோ வீடியோவோ இருந்தால் அதில் அனுப்பலாம். மாகாணம் விட்டு மாகாணம் ஓடுகிற பஸ் என்றால் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் 1955. மாகாணத்துக்குள் ஓடுகிற தனியார் பஸ்ஸுக்கு கிழக்கு மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகாரசபை இருக்கிறது. பஸ் முதலாளி அபராதத்தைவிட வழித்தட அனுமதிக்குத்தான் கூடப் பயப்படுவார்.

நேரில் போனால் வாக்குமூலத்தைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். அரசியலமைப்பின்படி வடக்கு கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி, நீங்கள் தயவு கேட்கவில்லை. வாசிக்கத் தெரியாத எழுத்தின் கீழ் கையெழுத்து வைக்காதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

ஓடுகிற சைக்கிளில் போனை எடுத்துப் படம் பிடிக்கப் போகாதீர்கள். துரத்திப் போய்ச் சண்டை பிடிக்கவும் வேண்டாம். பேஸ்புக்கில் போடுவதையும் நான் விரும்புவதில்லை. நம் வீதியில் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வருகின்றன. நம்பர் தட்டைப் போட்டால் பத்தாவது கருத்துக்குள் அது “அந்த ஊர்க்காரன்” ஆகிவிடும், அப்புறம் வீதியைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். முறைப்பாட்டில் சாரதியின் ஊரும் பேரும் தேவையில்லை, வாகன இலக்கம் போதும்.

“அவன்ட சோத்துல மண்ணப் போடுறதா?” என்று என் மச்சானே கேட்டார். ஐந்து நிமிடம் பிந்தினால் முதலாளியிடம் ஏச்சு வாங்குகிற சாரதியை நினைத்தால் எனக்கும் பாவமாகத்தான் இருக்கிறது. ஆனால் அபராதம் கட்டியவன் அடுத்த நாளும் வேன் ஓட்டினான். அவன் என்னை அடித்திருந்தால் இரண்டு வீட்டில் அடுப்பெரிந்திருக்காது.

நகரத்துக்குப் போகும்போது நான் இப்போதும் புதுப் பாலத்தை விட்டுக் கல்லடிப் பழைய பாலத்தால்தான் போவேன். 1924இல் கட்டிய அந்த இரும்புப் பாலத்தில் கார் இல்லை, பஸ் இல்லை. பின்னால் என்ன வருகிறது என்று காதைத் தீட்டிக்கொள்ளாமல் வாவியைப் பார்த்துக்கொண்டு மிதிக்கலாம்.

மற்ற நாட்களில் சட்டைப் பையில் சின்னக் கொப்பி ஒன்று இருக்கும். இந்த மாதம் அதில் மூன்று இலக்கங்கள். இரண்டை அனுப்பிவிட்டேன். மூன்றாவதில் கடைசி எண் மூன்றா எட்டா என்று சந்தேகம், அதனால் அனுப்பவில்லை. இடத்தையும் நேரத்தையும் மட்டும் எழுதி வைத்திருக்கிறேன், அதே நேரத்துக்கு அந்த வழியால் திரும்பவும் வருமா என்று பார்க்க வேண்டும்.