கூட்டாளி நோட்ரம்ப் கேட்டார், என் கையில் இரண்டு நீள சூட்: பிரிட்ஜ் கேள்வி பதில்

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே ஒரு நோட்ரம்ப், அதாவது துரும்பு இல்லாமல் ஆடும் ஏலம், என்றால் கையில் 15 முதல் 17 புள்ளி. ஏஸுக்கு 4, ராசாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்குக்கு 1.

ஹட்டனிலிருந்து ஓர் ஆசிரியர்: கூட்டாளி ஒரு நோட்ரம்ப் கேட்டார். எனக்கு ஸ்பேட்டில் ஏஸ், ராணி, 10, 7, 3. டயமண்டில் ராசா, ராணி, ஜாக், 8, 4. ஹார்ட் 6 மட்டும். கிளப் 9, 2. 12 புள்ளி இருக்கிறதே என்று நேரே மூன்று நோட்ரம்ப் கேட்டேன். எதிராளிகள் ஹார்ட்டை இழுத்தே கவிழ்த்துவிட்டார்கள். வேறு என்ன கேட்டிருக்கலாம் சேர்?

புள்ளியை எண்ணினீர்கள், சூட்டைச் சொல்லவில்லை. இப்படி ஒரு கை வந்தால் அவசரமே கூடாது. முதலில் இரண்டு ஹார்ட். அது ஜாக்கோபி டிரான்ஸ்பர், அதாவது மேலே உள்ள சூட்டைக் கூட்டாளியைச் சொல்ல வைக்கும் ஏலம். ‘என்னிடம் ஐந்து ஸ்பேட்’ என்று அர்த்தம். கூட்டாளி இரண்டு ஸ்பேட் சொல்வார். அப்புறம் நீங்கள் மூன்று டயமண்ட். கேம், அதாவது போனஸ் தரும் ஏல மட்டம், வரும்வரை யாரும் நிறுத்த முடியாது, இரண்டாவது சூட்டும் வெளியே வந்துவிட்டது.

இனி முடிவு அவர் கையில். அவருக்கு ஸ்பேட் ராசா, 4. ஹார்ட் ராசா, ராணி, ஜாக், 5. டயமண்ட் 9, 6, 5. கிளப் ஏஸ், ராணி, ஜாக், 5 என்று வையுங்கள். 16 புள்ளி. பலமெல்லாம் உங்களிடம் இல்லாத சூட்டுகளில். மூன்று நோட்ரம்ப் என்று நிம்மதியாக நிற்பார்.

அதே 16 புள்ளி இப்படி இருந்தால்? ஸ்பேட் ராசா, ஜாக், 4. ஹார்ட் ஏஸ், 8, 5, 3. டயமண்ட் ஏஸ், 9, 6. கிளப் ஏஸ், 7, 5. இப்போது ஸ்பேட்டில் 5 பிடி, டயமண்டில் 5, மற்ற ஏஸ் இரண்டு. மொத்தம் 12. இரண்டு கையும் சேர்ந்து 28 புள்ளிதான், ஆனால் ஆறு ஸ்பேட் என்ற ஏலம், அதாவது 12 பிடி எடுக்கும் சின்ன ஸ்லாம், மேசையில் கிடக்கிறது. சின்ன ஸ்லாமுக்கு 33 புள்ளி வேண்டும் என்ற கணக்கு சமமான கைகளுக்குத்தான். இங்கே அதைப் பிடித்துக்கொண்டு இருந்தால் நட்டம் உங்களுக்கு.

பண்டாரவளை: ஐந்து ஸ்பேட், ஐந்து ஹார்ட் வந்தால் எதை முதலில் சொல்வது?

கேம் பலம் இருந்தால் ஸ்பேட்டுக்கு டிரான்ஸ்பர், பிறகு மூன்று ஹார்ட். கேமுக்கு வெறும் அழைப்புத்தான் என்றால் ஹார்ட்டுக்கு டிரான்ஸ்பர், பிறகு இரண்டு ஸ்பேட். ஸ்பேட் ஐந்து, ஹார்ட் நான்கு என்றால் பாதை வேறு: இரண்டு கிளப், அதாவது ஸ்டேமன் கேளுங்கள். ‘நான்கு ஸ்பேட்டோ ஹார்ட்டோ உண்டா?’ என்ற கேள்வி அது. கூட்டாளி ‘இல்லை’ என்று இரண்டு டயமண்ட் சொன்னால் மூன்று ஹார்ட். ஆம், சீட்டு குறைந்த சூட்டைத்தான் சொல்கிறீர்கள். இது ஸ்மோலன். பலமான கை கூட்டாளியிடம் மறைந்தே இருக்கும், ஸ்பேட்டையும் அவரே ஆடுவார். இதை முன்கூட்டியே பேசி வைக்காமல் மேசையில் முயன்று பார்க்காதீர்கள்.

தலவாக்கலை: கிளப்பும் டயமண்டும் ஐந்தைந்து என்றால்?

பல ஜோடிகள் நேரே மூன்று டயமண்ட் என்பதை இதற்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். நீங்களும் ஒன்றை ஒதுக்குங்கள், எதுவானாலும் சரி.

பதுளை: நோட்ரம்ப் கேட்டது எதிராளி. என்னிடம் 17 புள்ளி, ஸ்பேட்டும் ஹார்ட்டும் ஐந்தைந்து. லேண்டி ஆடுகிறோம், இரண்டு கிளப் சொல்லிவிடலாமா?

லேண்டியில் இரண்டு கிளப் என்றால் ஸ்பேட்டும் ஹார்ட்டும் இருக்கிறது என்று அர்த்தம். அதைச் சாதாரணக் கையோடும் சொல்வோமே, கூட்டாளிக்கு உங்கள் பலம் எப்படித் தெரியும்? பொதுவாக நான் டபுள்தான், அதாவது அவர்கள் தோற்றால் தண்டனையைக் கூட்டும் ஏலம்தான், சொல்வேன். ஆனால் வல்னரபிள், அதாவது தண்டனையும் போனஸும் கூடுதலாக உள்ள நிலையில், யார் என்று பார்க்கவேண்டும். அவர்கள் வல்னரபிள் என்றால் டபுளில் இரண்டு பிடி குறைந்தாலே உங்களுக்கு 500. அவர்கள் இல்லை, நீங்கள் வல்னரபிள் என்றால் அதே இரண்டு பிடிக்கு 300தான். நான்கு ஸ்பேட் ஆடி எடுத்தால் 620. அந்த நேரத்தில் சூட்டைச் சொல்லத்தான் எனக்கு மனம் வரும். எதிராளியின் நோட்ரம்புக்கு எதிரான இன்னொரு ஏலமுறையான டோன்ட் ஆடுகிறவர்கள் கவனம்: அதில் டபுள் என்றால் ஒரே சூட் உள்ள கை, தண்டனை அல்ல.

மஸ்கெலியா, ஒரு தம்பி: லயத்தில் சின்ன வயதிலிருந்து 304 சீட்டாட்டம் ஆடுகிறேன். அந்தப் பழக்கம் இதற்கு உதவுமா அண்ணே?

கூட்டாளியை நம்புவது, விழுந்த சீட்டை நினைவில் வைப்பது, இரண்டும் உதவும் தம்பி. ஜாக் 30, ஒன்பது 20 என்ற கணக்கைத்தான் கொஞ்ச நாள் மறக்கவேண்டும். இங்கே ஏஸ்தான் பெரியது. இன்னொன்று, 304ல் துரும்பைக் கவிழ்த்து மறைத்து வைப்போம். பிரிட்ஜில் நீயும் கூட்டாளியும் பேசி வைத்த ஏலமுறை எதையும் மறைக்கக்கூடாது. எதிராளி கேட்டால், சொன்ன ஏலத்துக்கு என்ன அர்த்தம் என்று உன் கூட்டாளி விளக்கவேண்டும்.